துண்டுக்குள் பிடித்த கை

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தபோது கடையின் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது.

இரும்புக் குழாய் நடுவில் பட்டதும் ஆள் உயரக் கண்ணாடி ஒரு நொடி வெள்ளையாகப் பூத்து நின்றது. பிறகு கல்லுப்பு மூட்டை அவிழ்ந்ததுபோல மொத்தமாகச் சரிந்தது. வாசல் நிலைக்கு மேலே சாமந்திச் சரம் கட்டிக்கொண்டிருந்த அஷ்ரஃப் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் நவீன்குமார் உள்ளே வந்துவிட்டான். அவன் பின்னால் இரண்டு பேர். மூன்று பேர் கையிலும் குழாய் இருந்தது.

"எறங்குடா," என்றான் நவீன்.

அவன் அஷ்ரஃபை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை 'அஷ்ரஃப்ண்ணா' என்றுதான் சொல்வான்.

பாலக்காட்டின் பழைய மண்டித் தெருவில் அந்தக் கட்டிடம் எண்பது வருடமாக நிற்கிறது. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அடுக்கிவைத்த கிடங்கு அது. தெருவில் இப்போது பாதி மண்டிகள் இல்லை. ஒன்று கேக் கடையாகிவிட்டது, ஒன்று அழகு நிலையம். ஒன்றில் பழைய ஓடுகளையும் உத்திரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு காபி விற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இளசுகள் வந்து காரை பெயர்ந்த சுவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கிடங்கின் சொந்தக்காரர் வேலந்தாவளத்துக்கு அருகே தோட்டத்தில் குடியிருக்கும் பொங்கியண்ணன். நவீன்குமார் அவருடைய ஒரே மகன். அஷ்ரஃப் அதை வாடகைக்குப் பிடித்து, மனைவி முஹ்சினாவின் கைப்பக்குவத்தை நம்பி, இறந்துபோன தன் தாயின் பெயரில் 'ஹவ்வா ஹோட்டல்' என்று பலகை மாட்டியிருந்தார். புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் இருந்ததெல்லாம் அந்த நான்கு சுவருக்குள் போயிருந்தது. இது போனால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"எங்கப்பன்கிட்ட துண்டுக்குள்ள என்ன பேசினே?" என்று நவீன் கேட்டான்.

அஷ்ரஃப் சரத்தை விட்டுவிட்டு மெதுவாக இறங்கினார்.

"கேக்கறனல்லோ! எங்க கெடங்கை என்ன வெலைக்கு முடிச்சே?"

"நான் எதையும் முடிக்கல நவீன். வாடகைக்குத்தான் இருக்கேன்."

"வாடகைக்கு இருக்கறவன் செவுத்த இடிச்சுக் கண்ணாடி வெப்பானா? சரி, அத உடு. சந்தையில அத்தன பேரு பாக்க துண்டு போட்டுக் கை புடிச்சீங்களே, அது என்ன? எருமைக்கு வெலையா?"

அஷ்ரஃபின் உதடு அசைந்தது. பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

முதல் அடி இடது தோளில் விழுந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல ஒரு சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

*

மூன்று நாளைக்கு முன்பு வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. அழைப்பிதழ் கொடுக்க அஷ்ரஃப் அங்கே போயிருந்தார். பொங்கியண்ணனை வீட்டில் பிடிப்பதைவிடச் சந்தையில் பிடிப்பது எளிது. தோட்டம் இருந்தாலும் அவர் நாற்பது வருடமாக மாட்டுத் தரகும் பார்க்கிறவர். அஷ்ரஃபின் தகப்பனார் முகம்மது அவரிடம் பருத்திக்கொட்டை வாங்கிய காலத்தில் 'அண்ணே' என்று கூப்பிட்டார். அதனால் அஷ்ரஃபுக்கு அவர் பெரியப்பா.

அந்தச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர்கள் இருவர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலைத் தொட்டால் எத்தனை ஆயிரம் என்று அவர்களுக்குத் தெரியும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. பேசினவன் அந்தச் சந்தைக்குள் மறுபடி கால் வைக்கமுடியாது.

அன்று காலை ஒரு காளைச் சோடியை வாங்க, விற்கிற பக்கத்துத் தரகர் மோகனசுந்தரத்தோடு பொங்கியண்ணன் துண்டுக்குள் கை கொடுத்தார். மூன்று விரலைப் பிடிக்க நினைத்தார். ஒரு வருடமாக அவருடைய வலது கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மூன்றைப் பிடித்த கை நடுங்கி நான்காவது விரலையும் தொட்டது. ஏறிப்போன அந்த விலையிலேயே மோகனசுந்தரம் சட்டென்று துண்டை உருவிவிட்டார்.

"முடிஞ்சுதுங்க!" என்றவர், எல்லாரும் கேட்கும்படி சிரித்தார். "ஏனுங்ணா, வெரலு தாளம் போடுது? கச்சேரிக்குப் போறீங்களா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பொங்கியண்ணனும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டார். அதற்குள் கொஞ்சம் தள்ளி ஒரு மயிலைக் காளை மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்டு பிடித்தவனின் தொடையைக் கிழித்துவிட்டது. கூட்டம் இரத்தத்தைப் பார்க்க அந்தப் பக்கம் ஓடியது. அந்தச் சமயத்தில் அவர் நழுவி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அஷ்ரஃப் அங்கேதான் அவரைக் கண்டார். அழைப்பிதழை நீட்டினார். பெரியவர் பழக்கத்தில் வலது கையை எடுத்தார். அட்டை அவர் விரலில் நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டு சாணி மண்ணில் விழுந்தது. டீக்கடையில் நின்ற மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொங்கியண்ணனின் முகம் செத்துப்போயிற்று.

அஷ்ரஃப் அதிகம் யோசிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டு இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்பிடியே இருங்க பெரியப்பா. பாக்கறவன் நாம ஏதோ வெல பேசறோம்னு நெனைச்சுக்குவான்."

துண்டுக்குள் அந்தக் கை பிடிபட்ட கோழிக்குஞ்சைப்போலத் துடித்தது. மெல்ல மெல்ல அடங்கியது. ஐந்து நிமிடம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"கமலாத்தாளுக்குத் தெரியாது," என்றார் பொங்கியண்ணன். "பையனுக்கும் தெரியாது. தெரிஞ்சா தரகுக்குப் போகாதீன்னு ஊட்டுல கட்டிப்போட்டுருவாங்க. வெரலுதான் சாமி எனக்கு வாயி. அது ஒளறுதுன்னு யாருகிட்டயும் சொல்லீராத."

"சொல்ல மாட்டேனுங்க."

"அல்லா மேல?"

"அல்லா மேல சத்தியமுங்க."

பெரியவர் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். எதிரே, விற்ற சோடிக்காளைகளை வண்டியில் ஏற்ற ஓட்டிப்போன மோகனசுந்தரம் பார்த்தது அதைத்தான். அஷ்ரஃபும் பொங்கியண்ணனும் துண்டுக்குள் கை பிடித்திருந்தார்கள், துண்டை எடுத்தார்கள், பெரியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அச்சாரம் வாங்கினால் அப்படித்தான் ஒற்றிக்கொள்வார்கள். ஹோட்டல் வைக்கிறவனுக்கு மாடு எதற்கு? கிடங்குதான். காலமெல்லாம் சந்தையில் நின்ற மோகனசுந்தரத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அவர் நவீனைப் போனில் கூப்பிட்டார். கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை. ஒரு சேதியை முதலில் சொல்கிற சந்தோஷத்தில் கூப்பிட்டார். உலகத்தில் பல வீடுகள் அந்தச் சந்தோஷத்தால்தான் பற்றி எரிகின்றன.

*

நவீனுக்கு இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் அவன் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அந்தக் கிடங்கில் பைக் சர்வீஸ் வைக்கலாமா என்று தகப்பனிடம் இரண்டு தடவை கேட்டிருந்தான். பொங்கியண்ணன் இரண்டு தடவையும் "பாக்கலாம்" என்றார். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அஷ்ரஃபுக்கு வாடகைக்கு விட்டார். அன்றிலிருந்து தகப்பனும் மகனும் பேசுவதில்லை.

போன் வந்ததிலிருந்து உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தவன், திறப்பு விழா அன்று காலை வீட்டுக் கூடத்தில் நின்று கத்தினான்.

"வித்துட்டீங்களா?"

பொங்கியண்ணன் சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். "உனக்கென்ன அதைப் பத்தி?"

"எனக்கென்னவா? சந்தையில துண்டு போட்டீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

போட்டோம் என்றால் எதற்கு என்று கேட்பான். பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை நவீன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். காலால் நாற்காலியை உதைத்தான். அலமாரிக் கண்ணாடியைக் குத்தினான். தண்ணீரோடு இருந்த பித்தளைச் சொம்பை எடுத்துச் சுவரில் வீசினான். அது சுவரில் பட்டுத் தெறித்து, சத்தம் கேட்டு ஓடி வந்த தாய் கமலாத்தாளின் நெற்றியில் அடித்தது. புருவத்துக்கு மேல் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஐயோ சாமி," என்றாள் அவள். அப்போதும் அவனைத் திட்டவில்லை. "உன்ற கையில இரத்தம் வருது பாரு."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தன் கையையும் பார்த்தான். அங்கேயே நின்றிருந்தால் அவன் அழுதிருப்பான். அழப் பயந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டான்.

*

தோளெலும்பு முறிந்த அஷ்ரஃப் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நவீனின் ஆட்களில் ஒருவன் புதுத் தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரியைச் சாய்த்தான். இருநூறு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து நொறுங்கின. மற்றவன் விளக்குகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனான்.

சமையலறையிலிருந்து முஹ்சினா ஓடி வந்தாள். கையெல்லாம் மசாலா.

"யா அல்லா! நவீன், என்ன பண்றே நீ? உன் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்த குடும்பம்டா இது!"

"உம் புருஷன்கிட்ட கேளு. எங்கப்பனை ஏமாத்தி எழுதி வாங்கியிருக்கான்."

"எழுதி வாங்கினீங்களா?" முஹ்சினா கணவனைப் பார்த்தாள்.

"இல்ல."

"அப்ப சந்தையில என்னதான் பேசினீங்க? சொல்லித் தொலைங்களேன்! ஒரு வார்த்தைதானே?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் முஹ்சினா."

"யாருக்கு?"

அஷ்ரஃப் நிமிர்ந்து நிற்கப் பார்த்தார். நவீன் குழாயை மாற்றிப் பிடித்து அவர் முழங்காலில் அடித்தான். அஷ்ரஃப் உடைந்த பீங்கான் மேல் விழுந்தார். உள்ளங்கை கிழிந்தது. விலாவில் ஒரு உதை. இன்னொன்று. வாயில் இரத்தம் வந்தது. முஹ்சினா நவீனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறியதில் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்து ஒரு கையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. நவீன் யார், அஷ்ரஃப் யார் என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்; அந்தக் கேள்வி எந்தப் பக்கம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"சொல்றா! துண்டுக்குள்ள என்ன?"

"உங்கப்பாகிட்ட கேளு, தம்பி," என்றார் அஷ்ரஃப். வாயிலிருந்து இரத்தமும் சேர்ந்து வந்தது. "அவரு சொல்லட்டும். நான் சொல்லக்கூடாது."

நவீனுக்கு அது கேலியாகப் பட்டது. குழாயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினான்.

அப்போது சமையலறை வாசலில் சூசையப்பன் வந்து நின்றார். ஏலப்பாறையில் எஸ்டேட் மெஸ்ஸில் இருபது வருடம் சமைத்த மனிதர். முஹ்சினா சமைத்ததைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒனக்குக் கீழ நிக்கதுல எனக்கு வெக்கமில்ல" என்று சொல்லி மலை இறங்கி வந்தவர். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். பிரியாணிக்கு வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தவர், நீளக் காம்புக் கரண்டியில் கொதிக்கிற எண்ணெயைக் கோரி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கரண்டியில் வெங்காயம் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.

"ஏலே, திரும்புலே இங்க!" என்றார்.

நவீன் திரும்பினான். சூசையப்பன் அவன் முகத்தைக் குறிபார்த்து வீசினார்.

தரையில் கிடந்த அஷ்ரஃப் அதைக் கண்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே பிற்பாடு தெரியவில்லை. முறியாத வலது கையை நவீனின் முகத்துக்குக் குறுக்கே நீட்டினார். எண்ணெய் முழுவதும் அந்தக் கையில் விழுந்தது. புறங்கையிலிருந்து முழங்கை வரை தோல் அவர் கண் முன்னாலேயே வெளுத்துச் சுருங்கியது. சில துளிகள் பறந்து நவீனின் காதிலும் கழுத்திலும் விழுந்தன.

இரண்டு பேரும் அலறினார்கள். கூட வந்த சிநேகிதர்கள் குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

சூசையப்பனின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "மாதாவே, மொதலாளி மேலயா ஊத்திட்டேன்? மாதாவே!" என்று மண்டியிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நவீன் கழுத்தைப் பிடித்தபடி அஷ்ரஃபைப் பார்த்தான். அடி வாங்கினவன் எதற்குக் கையைக் கொடுத்தான் என்று அவனுக்குப் புரியவில்லை. புரியாதது அவனைப் பயமுறுத்தியது.

*

அந்த நேரத்தில்தான் ஜீப்பிலிருந்து பொங்கியண்ணனும் கமலாத்தாளும் இறங்கினார்கள். திறப்பு விழாவில் அண்டா அளவு பிரியாணிச் செம்பின் மூடியை முதலில் திறக்கவேண்டும் என்று அவரை அழைத்திருந்தார்கள். அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். கமலாத்தாள் நெற்றியில் கட்டோடு, கையில் ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்தாள்.

கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தவள் பழத்தைக் கீழே போட்டாள். மகன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். பிரியாணிக்கு ஊறவைத்திருந்த அரிசிப் பாத்திரத்தை இழுத்து, அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு அஷ்ரஃபின் கைமேல் ஊற்றினாள். அரிசியும் சேர்ந்து கொட்டியது.

"பொறுத்துக்க கண்ணு, பொறுத்துக்க," என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

"அம்மா, எனக்கும் எரியுது," என்றான் நவீன்.

முஹ்சினா அரிசிப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவனுக்கு ஒரு துளி கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

பொங்கியண்ணன் நடுவில் நின்றார். உடைந்த தட்டுகளைப் பார்த்தார். இரத்தத்தைப் பார்த்தார். "எதுக்குடா?" என்றார்.

"நீங்க துண்டு போட்டு வித்ததுக்கு," என்றான் நவீன். அவன் குரலில் முந்தைய வேகம் இல்லை. "கேட்டேன். நீங்களும் சொல்லல, இவனும் சொல்லல."

பெரியவர் அஷ்ரஃபைப் பார்த்தார். "நீ சொல்லலியா?"

"சத்தியம் வாங்கினீங்களே பெரியப்பா."

பொங்கியண்ணன் வலது கையை எப்போதும்போல வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்தார். தெருவில் நின்றவர்கள், போன் பிடித்தவர்கள், மகன், பெண்டாட்டி எல்லாரும் பார்க்கும்படி முகத்துக்கு நேரே உயர்த்தினார். கை ஆடியது. அடக்கப்பார்க்க இன்னும் அதிகமாக ஆடியது. சட்டையில் போடப்படாத பொத்தான்கள் இரண்டும் அப்போதுதான் எல்லாருக்கும் கண்ணில் பட்டன.

"இதத்தாண்டா அவன் துண்டு போட்டு மூடினான்," என்றார். "நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு மூடினான். வெல பேசல. கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தான், அவ்வளவுதான். நாந்தான் வெளிய சொல்லாதேன்னேன். என்ற வீம்புக்கு அவன் எலும்ப முறிச்சிருக்கே."

நவீன் அந்தக் கையையே பார்த்தான். ஒரு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அவன் பார்க்காத கை. அவன் கண்ணாடித் துண்டுகளின் மேல் உட்கார்ந்தான்.

*

ஆஸ்பத்திரியில் அஷ்ரஃபின் தோளுக்குக் கம்பி வைத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்தது. சூசையப்பன் தானே முன்னால் போய், "எண்ணெ ஊத்தினது நாந்தான் சார், என்னையக் கொண்டுபோங்க" என்றார். நவீன், தன் காயத்துக்குத் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்றான். அஷ்ரஃபிடம் கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. "அடிச்சது நவீன்தானுங்க. யாரு மேலயும் கேஸ் வேண்டாம்," என்றார்.

முஹ்சினா அவரைப் பேசவிடவில்லை. "வேணும் சார். எழுதிக்குங்க," என்றாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். "கை உங்களோடது, நீங்க மன்னிச்சுக்குங்க. கடை என்னோடதுந்தான். எனக்கு இன்னும் மனசு வரல."

அஷ்ரஃப் மறுபேச்சுப் பேசவில்லை. மன்னிப்பை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் பிடுங்கித் தரமுடியாது என்று அவருக்குத் தெரியும். அதைக் கடவுள் தரும்போதுதான் வாங்கிக்கொள்ள முடியும்.

நவீன் பதினான்கு நாள் சப்ஜெயிலில் இருந்தான். அந்த நாட்களில் கமலாத்தாள் தினமும் வேலந்தாவளத்திலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முஹ்சினா முதல் நாள் அவளோடு பேசவில்லை. இரண்டாம் நாளும் பேசவில்லை. கமலாத்தாள் எதையும் எதிர்பார்க்காமல் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அஷ்ரஃபின் காலைப் பிடித்துவிட்டாள். நான்காம் நாள் முஹ்சினா ஒரு டம்ளர் டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "நெத்தியில தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்டாள்.

*

ஏழு வாரம் கழித்து ஹவ்வா ஹோட்டல் திறந்தது. முன்பக்கத்தில் பொங்கியண்ணன் செலவில் புதுக் கண்ணாடி. கிடங்கின் பத்திரத்தைப் பொங்கியண்ணன் மகனிடம் படிக்கக் கொடுத்திருந்தார். அதில் எந்த மாற்றமும் இல்லை. வாடகைச் சீட்டில் மட்டும் இந்தத் தடவை நவீனும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

பிரியாணிச் செம்பைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மூடியின் ஒரு பக்கத்தை அஷ்ரஃப் மடங்காத விரல்களால் பிடித்தார். மறுபக்கத்தைப் பொங்கியண்ணன் பிடித்தார். தூக்கும்போது மூடி செம்பின் விளிம்பில் கடகடவென்று அடித்தது.

"மோகனசுந்தரா, தாளம் போடுதுன்னு சொன்னியல்லோ?" என்றார் பெரியவர். "கிட்ட வந்து கேட்டுட்டுப் போ."

கூட்டத்தின் கடைசியில் நின்ற மோகனசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். முதலில் சிரித்தவர் பொங்கியண்ணன்தான்.

நவீன் உள்ளே வரவில்லை. தகப்பனை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் காபிக் கடையின் சுவரோரமாக நின்றான். காதில் எண்ணெய் பட்ட இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டியவள் முஹ்சினா.

முதல் இலை பொங்கியண்ணனுக்குப் போட்டார்கள். அவர் ஒரு பிடி சோற்றை எடுத்தார். வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் சிந்தியது. மறுபடி எடுத்தார். இப்போது சலவைச் சட்டையில் விழுந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அஷ்ரஃபின் இடது தோள் இன்னும் உயரவில்லை. வலது கையில் கட்டு. சூசையப்பன் அடுப்பில் நின்றார். பெரியவர் கையை இலையில் வைத்துக்கொண்டு, பசி இல்லாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த முஹ்சினா நிமிர்ந்தாள். புதுக் கண்ணாடிக்கு அப்பால் நவீன் தகப்பனின் இலையையே பார்த்தபடி நின்றிருந்தான். வாசல் வரைக்கும் வருவான். பிறகு திரும்பிப் போவான். மூன்று தடவை அப்படிச் செய்தான்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். கண்ணாடிக் கதவை ஒரு கையால் திறந்து பிடித்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்கப்பா சாப்பிட முடியாம உக்காந்திருக்காரு," என்றாள். "கை கழுவிட்டு வாங்க."

அவன் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினான். தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஊட்டியெல்லாம் உடவேண்டாம்," என்றார் பொங்கியண்ணன். "நானே தின்னுக்குவேன்."

"தின்னுங்க," என்றான் நவீன். அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். துண்டு எதுவும் இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். சோறு சிந்தாமல் வாய்க்குப் போயிற்று.

முஹ்சினா இன்னொரு இலையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.